நாற்பத்தெட்டு மணி நேரத்தில் ஒரு விளையாட்டு

கணினி விளையாட்டுக்கும் இலக்கிய ஆர்வலர்க்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் வினவக்கூடும். ஈற்றடி ஒன்றைக் கொடுத்து அவையிலேயே வெண்பா பாடச் சொல்லும் வழக்கத்தை அறிந்த நமக்கு இச்செய்தி முற்றிலும் அயலானதன்று. குறித்த நாளில் கூடி, அப்போதே அறிவிக்கப்படும் ஒரு கருவைக் கொண்டு, பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் ஒரு விளையாட்டை ஆக்கி முடிப்பதே கேம் ஜாம். ஜாஸ் இசைஞர்கள் முன்னேற்பாடின்றிக் கூடி வாசிப்பதை 'ஜாம்' என்பர். பெயர் அங்கிருந்து வந்தது. இன்று இத்தகைய கூட்டங்கள் பலவற்றில் 'எந்நிலையினரும் வரலாம்' என்ற அறிவிப்பைக் காண்கிறோம். தொடக்கத்தில் அவ்வாறு இல்லை.

2002 மார்ச்சில் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில், கிறிஸ் ஹெக்கர், ஷான் பாரெட் முதலியோர் 'இண்டி கேம் ஜாம்' என்ற பெயரில் ஒரு கூட்டம் நடத்தினர். இடம், பழைய களஞ்சியக் கொட்டகை ஒன்று. பெருநிறுவனங்கள் பெரும் பொருட்செலவில் விளையாட்டுகளை ஆக்குவதால் புதுமைக்குத் துணிவதில்லை என்பது அவர்களது மனக்குறை. திரையில் ஒரே நேரத்தில் 1 லட்சம் உருவங்களை இயக்கவல்ல மென்பொருள் ஒன்றை முன்னரே ஆயத்தம் செய்து, இதைக்கொண்டு என்ன செய்யலாம் என்று வந்தவர்களிடம் விட்டுவிட்டனர். அருமையான சோதனைதான், ஆயினும் வந்தவர் அனைவரும் அழைக்கப்பெற்ற வல்லுநர். கற்றுக்குட்டிக்கு அங்கே இடமில்லை.

அடுத்த மாதமே ஜெஃப் ஹவ்லண்ட் இணையவழியே 'லூடும் டாரே' போட்டியைத் தொடங்கினார். இதில் யாரும் கலந்துகொள்ளலாம். கதவு திறந்துவிட்டது என்று தோன்றும். ஆனால் நிரல், ஓவியம், ஒலி அனைத்தையும் ஒருவரே செய்தாக வேண்டும் என்பது அதன் மூலவிதி. (குழுக்களுக்கான தனிப்பிரிவு பின்னாளில் வந்தது.) நன்றாக வரையத் தெரிந்தும் நிரல் எழுதத் தெரியாதவன் வாயிலிலேயே நின்றிருப்பான்.

எனவே, உண்மையான திருப்பம் 2006இல் கோபன்ஹேகனில் தொடங்கிய 'நார்டிக் கேம் ஜாம்' என்றே கொள்கிறோம். அங்கே முன்பின் அறியாதோர் கூடி, தத்தம் எண்ணங்களை எடுத்துரைத்துக் குழுக்களாகச் சேர்ந்தனர். ஒருவர் வரைய, ஒருவர் இசையமைக்க, ஒருவர் நிரல் எழுத, எதுவும் அறியாதவரும் அருகிருந்து கற்க வழி பிறந்தது. அதனை நிறுவியோருள் ஒருவரான கோர்ம் லாய், சூசன் கோல்ட், இயன் ஷ்ரைபர் ஆகியோருடன் இணைந்து 2009 ஜனவரி இறுதியில் 'குளோபல் கேம் ஜாம்' நிகழ்வை நடத்தினார். 23 நாடுகள், 53 இடங்கள், 1,600க்கும் மேற்பட்டோர், ஏறத்தாழ 370 விளையாட்டுகள். பரிசுக்கான போட்டி அன்று அது. அட்டையிலும் தாளிலும் ஆன விளையாட்டும் ஏற்கப்படும். ஒவ்வோர் ஊரும் தன் மாலை நேரத்தில் தொடங்கியதால், முந்திக் கருவை அறிந்த கீழ்த்திசை ஊர்கள், கடைசியாகத் தொடங்கும் ஹவாய் வரை அதை வெளியிடாமல் காத்தன. இக்கட்டுப்பாடு நமக்கு மிகவும் பிடித்தது!

2013இல் கருவாக அளிக்கப்பட்டது சொல்லன்று. இதயத் துடிப்பின் ஒலி. லண்டன் குழுவொன்று அதைக் கேட்டு, தடுமாறும் கையால் இதய அறுவை செய்யும் நகைச்சுவை விளையாட்டை ஆக்கியது. 'சர்ஜன் சிமுலேட்டர்' என்று பின்னர் அது புகழ்பெற்றது. 2017இல் நார்டிக் ஜாமில் பின்லாந்தின் ஆர்வி தெய்க்காரி ஆக்கிய 'பாபா இஸ் யூ', சொற்களை நகர்த்தி விதிகளையே மாற்றும் விளையாட்டு. இலக்கணம் கற்பிப்போர் அவசியம் ஆடிப்பார்க்க வேண்டும். அது முழுமையுற்று வெளிவர 2019 ஆயிற்று.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். இரவெல்லாம் விழித்திருப்பதைப் பெருமையாகப் பேசும் வழக்கம் இக்கூட்டங்களில் உண்டு. கைக்குழந்தையை வீட்டில் விட்டு இரண்டு நாள் வர இயலாத தாய்க்கு, 'எந்நிலையினரும்' என்ற சொல் இன்னும் முழுதாகப் பொருந்தவில்லை.