கண்காட்சியையே மடித்துப் பெட்டிக்குள் வைத்தவர்... யார் இந்த தயாநிதா சிங்?

புகைப்படம் என்றால் ஃப்ரேம் போட்டு சுவரில் மாட்டுவோம். இல்லைன்னா செல்போனில் தள்ளிக்கொண்டே பார்ப்போம். இது இரண்டுமே வேண்டாம் என்று, புத்தகத்தையே கண்காட்சியாக மாற்றியவர் தயாநிதா சிங். புகைப்பட உலகின் உயரிய விருதுகளில் ஒன்றான ஹாசல்பிளாட் விருதை 2022-ல் பெற்றார்.

யார் இவர்?

1961-ல் டெல்லியில் பிறந்தவர். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் படித்தபோது, தபேலா மேதை ஜாகிர் உசேனைப் படமெடுக்கத் தொடங்கினார். அடுத்தடுத்த ஆண்டுகளில் கச்சேரிப் பயணங்களில் அவருடனேயே போனார். அந்தப் படங்கள்தான் 1986-ல் வெளியான முதல் புத்தகம். பிறகு நியூயார்க்கில் புகைப்படக்கலை படித்தார்.

பத்திரிகை வேலையை ஏன் விட்டார்?

வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்காக வறுமை, குழந்தைத் தொழிலாளர், பாலியல் தொழில் என்று படமெடுத்தார். இந்தியா என்றால் இவ்வளவுதானா என்ற கேள்வி அவரை உறுத்தியது. அந்த வேலையிலிருந்து விலகி, தனக்குத் தெரிந்த வசதியான குடும்பங்களை அவர்கள் வீட்டிலேயே படமெடுத்தார்.

பத்திரிகைப் பணியில் அறிமுகமான திருநங்கை மோனா அகமதுவுடன் மட்டும் நட்பு தொடர்ந்தது. டெல்லியில் கல்லறைத் தோட்டம் ஒன்றில் வாழ்ந்தவர் மோனா. 2001-ல் வந்த 'மைசெல்ஃப் மோனா அகமது' புத்தகத்தில் படங்கள் தயாநிதாவுடையது. கதையைச் சொல்வது மோனாவேதான், பதிப்பாளருக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள் வழியாக.

பெட்டிக்குள் என்ன இருக்கு?

2008-ல் வந்தது 'சென்ட் எ லெட்டர்'. ஒரு சின்னப் பெட்டிக்குள் 7 குட்டிப் புத்தகங்கள். ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். பிரித்து மேசையில் நிறுத்தினால் போதும், கண்காட்சி தயார்! பயணங்களில் நண்பர்களுக்காகக் கையால் செய்த புத்தகங்களில் இருந்து பிறந்த யோசனை இது. அதில் ஒன்று நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து பத்மநாபபுரம். இன்னொன்று, தாய் நோனி சிங் எடுத்த படங்கள்.

அடுத்து 'மியூசியம் ஆஃப் சான்ஸ்'. உள்ளே 88 படங்கள். அதே படங்கள்தான் முன் அட்டையிலும் பின் அட்டையிலும் மாறி மாறி வரும். ஒரே புத்தகம், ஆனால் பிரதிக்குப் பிரதி அட்டை வேறு.

2017-ல் வந்த 'மியூசியம் பவன்' பெட்டியில் 9 குட்டி அருங்காட்சியகங்கள். பாரிஸ் ஃபோட்டோ - அபெர்ச்சர் அமைப்பின் அந்த ஆண்டுக்கான சிறந்த புகைப்படப் புத்தக விருது இதற்குக் கிடைத்தது. இதற்கு முன்பே பெரிய மர அமைப்புகளையும் செய்திருந்தார். மடக்கலாம், விரிக்கலாம், படங்களை மாற்றலாம்.

ஏன் முக்கியம்?

கேலரிகளில் ஒரு படத்தைப் பொதுவாகச் சில பிரதிகள்தான் அச்சிடுவார்கள். எண் போட்டு விற்பார்கள். அதை வாங்குவது அருங்காட்சியகங்களும் பணக்காரர்களும்தான். புத்தகம் அப்படியல்ல, ஆயிரக்கணக்கில் அச்சாகும். தயாநிதாவைப் பொறுத்தவரை அந்தப் புத்தகம் கண்காட்சிக்கான கேட்லாக் இல்லை, அதுவேதான் கலைப்படைப்பு. எந்தப் பக்கத்தைத் திறந்து வைப்பது, எதை மூடி வைப்பது, எப்போது மாற்றுவது என்பதையெல்லாம் வாங்கியவரே முடிவு செய்துகொள்ளலாம்.