உயிர்க் காலேஜும் ஒரு சிறுவனின் கேள்வியும்

சென்ற கோடை விடுமுறையில் பட்டினப்பாக்கத்து மறைக்கல்வி மாணவர் சிலரை வண்டலூர் உயிரியல் பூங்காவிற்கு அழைத்துச் சென்றோம். கடலலையின் ஓசையோடு வளரும் பிள்ளைகள் அவர்கள். மீனின் பெயர்களை மூச்சுவிடாமல் சொல்லுவார்கள். காட்டு விலங்கை மட்டும் பெரும்பாலோர் படத்திலேயே கண்டிருந்தனர்.

சிம்பன்சி இருந்த திடலின் முன் வந்தபோது, அகழிக்கு அப்பால் அமர்ந்திருந்த அந்த வாலில்லாக் குரங்கு பின்புறம் தெரியும்படி ஒரு சிறுவனை நிற்க வைத்துப் புகைப்படம் எடுக்க முனைந்தோம். காமிராவின் வழியே நோக்குகையில் அதுவும் நம்மையே நோக்கியது. அது தன் பார்வையை விலக்கவில்லை. நாமே விலக்கிக் கொண்டோம். அப்போது அச்சிறுவன் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஃபாதர், அது என்ன தப்புப் பண்ணிச்சு?" என்று கேட்டான். "தப்பு ஒன்றும் பண்ணவில்லை தம்பி" என்றோம். "அப்புறம் ஏன் உள்ளே வெச்சிருக்காங்க?" என்றான். அந்தக் கேள்விக்கு அன்று நாம் விடை சொல்லவில்லை. அந்த விடையைத் தேடியபோது கண்டவற்றையே இங்கு எழுதுகிறோம்.

பழைய சென்னைவாசிகள் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், மூர் மார்க்கெட்டை அடுத்திருந்த விலங்குக் காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்றும் அழைத்தனர். வேடிக்கைப் பெயர்கள்தாம், ஆனால் இரண்டும் ஒரே வீட்டில் பிறந்த உடன்பிறப்புகள் என்பதைப் பலர் அறியார். அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளரான ஸ்காட்லாந்து மருத்துவர் எட்வர்டு பால்ஃபர், உயிருள்ள விலங்குகளைக் காண மக்கள் திரள்வதைக் கண்டு, 1855இல் அதே வளாகத்தில் ஒரு விலங்குக் காட்சிசாலையைத் தொடங்கினார். கர்நாடக நவாபிடம் இருந்த விலங்குகளையும் கேட்டுப் பெற்றார். ஓராண்டிற்குள் அங்கு முந்நூறுக்கும் மேற்பட்ட உயிரினங்கள் சேர்ந்தன. 1860களின் தொடக்கத்தில் அது சென்ட்ரல் நிலையத்தை ஒட்டிய மக்கள் பூங்காவிற்கு இடம்பெயர்ந்தது. நூறாண்டுக்கு மேல் அங்கேயே இருந்தது. நாமும் பள்ளிப் பருவத்தில் அங்கே கம்பிகளுக்கிடையே வேர்க்கடலையை எறிந்து, குரங்கு கைநீட்டுவதைக் கண்டு சிரித்ததுண்டு. அன்று நம் மனத்தில் எந்தக் கேள்வியும் எழவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

நகரின் நெரிசலும் இரைச்சலும் விலங்குகளுக்கு ஒவ்வா என உணரப்பட்டதால், 1979இல் வண்டலூர்க் காட்டில் புதிய பூங்காவிற்கான பணி தொடங்கியது. 1985 ஜூலை 24இல் அது திறக்கப்பட்டது. ஐந்நூறு ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பு. கூண்டுகளுக்கு மாற்றாக அகழி சூழ்ந்த திறந்த திடல்கள். இது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அகழியைக் கடந்தும் அந்தப் பார்வை நம்மை வந்தடைந்ததே!

அந்தப் பார்வையின் முன் கலங்கியவர்கள் நாம் மட்டுமல்லர். 1838இல் இலண்டன் காட்சிசாலையில் ஜென்னி என்னும் ஒராங்குட்டானைச் சார்லஸ் டார்வின் கண்டார். காப்பாளர் ஆப்பிளைக் காட்டிவிட்டுக் கொடுக்க மறுத்தபோது, அது அடம்பிடிக்கும் குழந்தையைப் போல் தரையில் விழுந்து அழுததாக அவர் தம் சகோதரிக்கு எழுதினார். நான்காண்டுகள் கழித்து அங்கு வந்த விக்டோரியா அரசியார், தேநீர் அருந்தக் கற்பிக்கப்பட்டிருந்த ஒராங்குட்டானைக் கண்டு, அது மனிதரை ஒத்திருப்பது மனத்தை உறுத்துவதாகத் தம் நாட்குறிப்பில் பதிந்தார். அறிவியலாளருக்கு வியப்பாகத் தோன்றியது அரசிக்கு அச்சமாகத் தோன்றியது. ஆனால், இவ்வுயிர்கள் எவ்வாறு அங்கு வந்து சேர்ந்தன? அக்காலத்தில் பெரும்பாலும் காட்டில் தாயைச் சுட்டு வீழ்த்தி, அதன் மார்பைப் பற்றியிருந்த குட்டியைக் கைப்பற்றியே கொணர்ந்தனர். நாம் கண்டு களித்த குட்டிக்குப் பின்னே நாம் காணாத ஒரு தாயின் சாவு இருந்தது.

வரலாற்றின் மிகக் கசப்பான பக்கம் இனிமேல்தான் வருகிறது. 1906 செப்டம்பரில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் காட்சிசாலையில், குரங்குகள் இருந்த கட்டடத்தில், ஒரு மனிதர் காட்சிக்கு வைக்கப்பட்டார். காங்கோ நாட்டைச் சேர்ந்த ஓட்டா பெங்கா என்பது அவர் பெயர். கையில் ஒரு சிம்பன்சியை ஏந்தியபடி அவர் நிற்கும் புகைப்படம் இன்றும் கிடைக்கிறது. ஆயிரக்கணக்கானோர் அவரைப் பார்த்துச் சிரித்தனர். ஜேம்ஸ் கார்டன் தலைமையில் கறுப்பினப் பாப்டிஸ்ட் போதகர்கள் எதிர்ப்புக் குரல் எழுப்பிய பின்னரே, அம்மாதத்திலேயே அவர் அங்கிருந்து விடுவிக்கப்பட்டார். தாயகம் திரும்பும் வழியின்றி, 1916இல் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மாண்டார். அந்நிறுவனம் இதற்காக மன்னிப்புக் கேட்டது 2020இல். நூற்றுப் பதினான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன!

வேலிக்கு எந்தப் பக்கம் யார் நிற்பது என்பதை எப்போதும் பார்ப்பவனே தீர்மானித்து வந்துள்ளான் என்பதை இது காட்டுகிறது. மனிதரும் விலங்கும் ஒன்றே என்று நாம் சொல்ல வரவில்லை. இறைச்சாயலில் படைக்கப்பட்ட மாந்தரின் மாண்பு தனிச்சிறப்புடையது. ஆனால் ஓர் உயிரைக் காட்சிப்பொருளாக மட்டுமே காணப் பழகிய கண், மனிதரையும் அவ்வாறே காணத் தயங்குவதில்லை. விலங்குகளிடம் கொடுமை பழகியவர் மனிதரிடமும் கொடியவராவர் என்று புனித தாமஸ் அக்குவினாஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே எச்சரித்தார். தொடக்கநூலில் ஆதாம் விலங்குகளுக்குப் பெயரிட்டதை நாம் அறிவோம். பெயரிடுவது உடைமையாக்குவது அன்று, பொறுப்பேற்பது. தாய் பிள்ளைக்குப் பெயரிடுவதைப் போன்றது அது. மண்ணுலகை ஆளும்படி சொல்லப்பட்டதைச் சூறையாடும் உரிமையாகக் கொள்வது தவறான விளக்கம் என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடலில் தெளிவுறுத்தியதும் இதையே.

அப்படியானால் கதவுகளைத் திறந்துவிடலாமா? அது அவ்வளவு எளிதன்று. சிறைப்பட்டே பிறந்து வளர்ந்த சிம்பன்சிக்குக் காட்டில் இரை தேடத் தெரியாது. அதன் பூர்வீகமான ஆப்பிரிக்கக் காடுகளும் சுருங்கி வருகின்றன. அழிவின் விளிம்பிலுள்ள நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைமந்தி வண்டலூரில் பேணப்பட்டு, குட்டிகளையும் ஈன்றுள்ளது. நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. காட்சிசாலைகளை நெறிப்படுத்த மத்திய ஆணையம் 1992இல் அமைந்தது. அங்குள்ள விலங்கைச் சீண்டுவதும் கல்லெறிவதும் இன்று குற்றம். அர்ஜென்டினாவில் சாண்ட்ரா என்னும் ஒராங்குட்டானுக்கும் சில உரிமைகள் உண்டு என்று நீதிமன்றம் ஏற்க, 2019இல் அது அமெரிக்காவின் புகலிடம் ஒன்றிற்கு அனுப்பப்பட்டது. மனித மனச்சான்று மெல்லத்தான் நடக்கிறது. ஆயினும் நடக்கிறது.

ஊர் திரும்பிய பின் அந்தப் புகைப்படத்தைப் பிரதி எடுத்துப் பார்த்தோம். முன்னே சிறுவன், பின்னே சிம்பன்சி, நடுவே அகழி. இருவர் கண்களும் நம்மையே நோக்கியிருந்தன. மறுவாரம் மறைக்கல்வி வகுப்பில் அச்சிறுவனை அழைத்து, "தம்பி, அன்று நீ கேட்டாயே, தப்புப் பண்ணியது அது அன்று, நம்மவர்கள். இப்போது அதை வெளியே விட்டால் அது பிழைக்காது. ஆகையால் அதை நன்றாக வைத்துக்கொள்வது நம் கடன்" என்றோம். அவன் சற்று யோசித்து, "அப்போ போனா, சத்தம் போடாமப் பார்க்கணும், இல்லியா ஃபாதர்?" என்றான்.

வேர்க்கடலை எறிந்த நம் கைக்கு அப்பருவத்தில் தெரியாதது, இக்குழந்தைக்கு இப்போதே தெரிந்துவிட்டது. அந்தப் படத்தை அவனிடமே கொடுத்துவிட்டோம்.