அடையாளத் திருட்டு

ஒருவரின் பெயர், ஆதார் எண், கைரேகை, பாஸ்வேர்டு போன்றவற்றை அவருக்குத் தெரியாமலோ அவரை ஏமாற்றியோ பெற்று, அவர் செய்ததுபோல் காட்டி ஆதாயம் அடைவது அடையாளத் திருட்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008-இல் கொண்டுவந்த திருத்தம் இதற்கென்றே 66சி பிரிவைச் சேர்த்தது. மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம்.

கடலூர் மாவட்டத்தில் இது பெரிய அளவில் அம்பலமானது 2020-இல், பி.எம். கிசான் திட்டத்தில். நிலமுள்ள விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாக வங்கிக் கணக்கிலேயே செலுத்தும் மத்திய அரசுத் திட்டம் இது. கொரோனா ஊரடங்குக் காலத்தில் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் விவசாயிகள் அல்லாதவர்கள் பெருந்திரளாகச் சேர்க்கப்பட்டிருந்தது அந்த ஆகஸ்டில் தெரியவந்தது. முறைகேடு 110 கோடி ரூபாய் என்று அப்போதைய வேளாண்துறைச் செயலாளர் ககன்தீப் சிங் பேடி அறிவித்தார். விசாரணை சிபிசிஐடியிடம் சென்றது.

இங்கே களவுபோன அடையாளங்கள் இரண்டு. முதலாவது அதிகாரிகளுடையது. விண்ணப்பங்களுக்கு ஒப்புதல் தரும் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் ஒப்பந்தப் பணியாளர்கள் வழியாக இடைத்தரகர்களின் கைக்குப் போயின. கணினிக்கு அந்தப் பாஸ்வேர்டுதான் அதிகாரி. அதை அடித்தவர் யார் என்று அது கேட்பதில்லை. இரண்டாவது அடையாளம் சாதாரண மக்களுடையது. ‘கொரோனா நிவாரணம்’ என்று சொன்னதை நம்பிப் பலர் ஆதார், வங்கிப் புத்தக ஜெராக்ஸைக் கொடுத்தார்கள். அவர்கள் கணக்கிலிருந்து பணம் போகவில்லை, வந்தது. அதனாலேயே யாருக்கும் சந்தேகம் எழவில்லை. பிறகு அரசு அதைத் திரும்பப் பெற்றபோதுதான் தங்கள் பெயரில் என்ன விண்ணப்பம் போயிருக்கிறது என்று பலருக்கும் புரிந்தது. கணக்கில் பணம் குறைந்தால்தான் திருட்டு என்று எண்ணுவது எவ்வளவு பிழை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரம், கிள்ளை போன்ற கடலோர ஊர்களில் மீன்பிடித் தடைக்கால நிவாரணம், நூறு நாள் வேலை, சிம் கார்டு என எதற்கும் ஆதார் நகல் கேட்கிறார்கள். கொடுக்காமல் இருக்க முடியாது. எதற்காக, யாரிடம், எந்தத் தேதியில் கொடுத்தது என்பதை நகலின் மேலேயே குறுக்கே எழுதிக் கொடுக்கலாம். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரையும் ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் எடுக்கலாம்.

கைரேகையைப் பூட்டிவைக்கும் வசதியும் அங்கே உண்டு. ஆனால் பூட்டிய ரேகை ரேஷன் கடையிலும் செல்லாது. தேவைப்படும்போது திறந்து மறுபடி பூட்ட வேண்டும். செல்போனில் இதைச் செய்யத் தெரியாதவர்களுக்கு, அதிகம் தேவைப்படுகிற இந்தப் பாதுகாப்பே எட்டாமல் நிற்கிறது.

தம் பெயரில் எத்தனை செல்போன் எண்கள் உள்ளன என்பதை 2023-இல் தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். தெரியாத கடன் இருக்கிறதா என்பதை சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தரும் அறிக்கை காட்டும்.

பணம் போனது தெரிந்ததும் அழைக்க வேண்டிய எண் 1930. வங்கிக்கும் உடனே சொல்ல வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளர் மீதோ வங்கி மீதோ தவறில்லாமல் வெளியாள் செய்த மோசடியை, தகவல் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் இழப்பு வாடிக்கையாளரைச் சேராது. ஓடிபியைத் தாமே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போன பணம் அவர் பொறுப்பு. தெரிவித்தபின் போவது வங்கியின் பொறுப்பு.