ஷல்லா, வில்லா? – ஒரு கணக்கு வாத்தியார் கிளப்பிவிட்ட பஞ்சாயத்து

போன வாரம் ஆபீஸ்ல ஒரு கூத்து. ரிக்வயர்மெண்ட் டாகுமெண்ட்ல ஒரு பக்கத்துல 'சிஸ்டம் ஷல்', அடுத்த பக்கத்துல 'சிஸ்டம் வில்'. ஷல் போட்டது மட்டும்தான் கட்டாயம், வில் போட்டது சும்மா தகவல்னு எங்க ஆளுங்க சொல்ல, ரெண்டும் ஒண்ணுதான்னு கிளையண்ட் சொல்ல, ஒரு மாச வேலைக்கு யார் காசு கொடுக்கறதுங்கற அளவுக்குப் போயிடுச்சு. ஒத்தை வார்த்தைக்கு இவ்ளோ அக்கப்போரான்னு நோண்டினதுல கிடைச்சதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்தருள்க :-)

இங்கிலீஷ்ல எதிர்காலத்துக்குன்னு தனி வினைவடிவமே கிடையாது மக்களே. நமக்கு 'வருவான்'னா வினைக்குள்ளயே காலம் உக்காந்திருக்கு. அவங்களுக்கு அந்த வசதி நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும் மட்டும்தான். ஆயிரம் வருசத்துக்கு முந்தின பழைய ஆங்கிலத்துல, நாளைக்கு நடக்கப்போறதையும் பெரும்பாலும் நிகழ்காலத்துலயே சொல்லிட்டுப் போயிருக்காங்க. ஷல்லுக்கு அப்போ அர்த்தம் 'கடன்பட்டிருக்கேன், செஞ்சாகணும்'. ஜெர்மன்ல கடனுக்கு இன்னிக்கும் 'ஷுல்ட்'னுதான் பேர்; ரெண்டும் ஒரே வேர். வில்லுக்கு அர்த்தம் 'விரும்பறேன்'. நாம சொத்துக்கு எழுதற உயில் இருக்கே, அதுவும் இந்த வில்தான்!

கடனும் ஆசையும் கொஞ்சங்கொஞ்சமா எதிர்காலமா தேய்ஞ்சு போச்சு. 14ஆம் நூற்றாண்டுல விக்ளிஃப் பைபிளை மொழிபெயர்த்தவங்க லத்தீன் எதிர்காலம் வந்த இடத்துக்கெல்லாம் ஷல்லைப் போட்டாங்க. அதனால ஷல்லுக்கு ஒரு எழுத்து மரியாதை வந்துச்சு.

இப்ப நம்ம கதாநாயகர். ஜான் வாலிஸ். ஆக்ஸ்ஃபோர்டுல ஜியோமெட்ரி பேராசிரியர். இங்கிலாந்து உள்நாட்டுப் போர்ல நாடாளுமன்றத்துக்காக எதிரிகளோட ரகசியக் கடிதங்களை உடைச்சுப் படிச்சவர். முடிவிலிக்கு நாம போடற படுத்த எட்டு 1655ல இவர் அறிமுகப்படுத்தினது. சும்மா இருப்பாரா மனுசன்? 1653ல ஒரு ஆங்கில இலக்கணம் எழுதினார், அதுவும் லத்தீன்ல. அதுல ஒரு விதி: 'நான், நாங்கள்' கூட ஷல் வந்தா வெறும் முன்னறிவிப்பு, வில் வந்தா வாக்குறுதி அல்லது மிரட்டல். 'நீ, அவன்' கூட வந்தா அப்படியே தலைகீழ்! பக்கா இஃப்-எல்ஸ். கோட் உடைக்கிற ஆளுக்கு எல்லாமே கோடாத்தான் தெரியும் போல.

அவர் எழுதினது வெளிநாட்டுக்காரங்க ஆங்கிலம் கத்துக்கறதுக்காக. ஆனா பின்னால வந்த இலக்கணக்காரங்க அதைப் பிடிச்சுக்கிட்டு சொந்த ஊர்க்காரங்க தலையிலயே கட்டிட்டாங்க. ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆளுங்க அப்படிப் பேசறதில்லைன்னு நக்கல் வேற. தண்ணில விழுந்தவன் ஷல், வில்லை மாத்திப்போட்டு கத்தினதால, 'நான் மூழ்கியே தீருவேன், யாரும் காப்பாத்தக் கூடாது'ன்னு அர்த்தமாகி, கரையில நின்னவங்க விட்டுட்டாங்களாம். இந்தப் பழைய ஜோக்குல சிரிப்பு வரலை எனக்கு. ஒருத்தன் பேச்சை மட்டந்தட்டறதுக்கு இலக்கணத்தை எப்படி உபயோகிக்கலாம்ங்கறதுக்கு நல்ல உதாரணம், அவ்ளோதான். அந்த விதிதான் ரென் அண்ட் மார்ட்டின் மாதிரி புத்தகங்கள் வழியா நம்ம பள்ளிக்கூடத்துக்கும் கப்பலேறி வந்துச்சு. 'ஐ வில்'னு எழுதி மார்க் போனவங்க கை தூக்குங்க.

1925ல சார்லஸ் ஃப்ரைஸ்னு ஒரு அமெரிக்க மொழியியலாளர், சில நூற்றாண்டு நாடகங்களை எடுத்து உக்காந்து எண்ணியே பார்த்துட்டார். 'நான்' கூடவும் வில்தான் அதிகம்! வாலிஸ் சொன்ன மாதிரி ஜனங்க பேசலை.

ஆனா ஷல்லோட பழைய கடன் வாசம் சட்டத்துலயும் நம்ம தொழில்லயும் ஒட்டிக்கிச்சு. 1997ல வந்த ஆர்.எஃப்.சி. 2119ல ஷல்லும் மஸ்ட்டும் ஒண்ணுன்னு தெளிவா எழுதியிருக்காங்க. வக்கீல்களுக்கோ அதுவே தலைவலி ஆயிடுச்சு. ஒரே ஷல்லுக்கு கட்டாயம், அனுமதி, எதிர்காலம்னு பல அர்த்தம். அதான் 2007ல அமெரிக்க ஃபெடரல் சிவில் நடைமுறை விதிகளைத் திருத்தி எழுதினப்போ, ஷல்லைத் தூக்கிட்டு பெரும்பாலும் மஸ்ட் போட்டாங்க.

இந்த அடிதடிக்கு நடுவுல சத்தமில்லாம வளர்ந்தது 'கோயிங் டு'. நிஜமாவே எங்கயோ நடந்து போறதுல ஆரம்பிச்சு, அப்புறம் காலே இல்லாத மழையும் 'போக' ஆரம்பிச்சுடுச்சு. வாலிஸுக்கு ஏழு வருசம் முன்னாடியே, 1646ல, ஜோஷுவா பூல்ங்கறவர் இதை எதிர்கால அடையாளம்னு தன் இலக்கணப் புத்தகத்துல குறிச்சு வெச்சிருக்கார். இதைக் கத்துக்க நமக்கு எந்த விதியும் தேவைப்படலை பாருங்க. 'மழை பெய்யப் போகுது'ன்னு நாமளும் அதே ரூட்லதான் வந்திருக்கோம்.