மூச்சுக் கணக்கு

விண்வெளியில் மாட்டிக்கொண்ட மூன்று பேருக்குச் சாவு எப்படி வரும்? 'ஆக்சிஜன் தீர்ந்து' என்றுதானே சொல்வீர்கள்? 1970 ஏப்ரலில் ஜிம் லவல், ஜாக் ஸ்விகெர்ட், ஃப்ரெட் ஹெய்ஸ் மூவரிடமும் ஆக்சிஜன் இருந்தது. அவர்களைக் கொல்லப் பார்த்தது அவர்களே வெளியே விட்ட மூச்சு!

ஏப்ரல் 11-ல் கிளம்பிய அப்போலோ 13-ல், 13-ம் தேதி ஓர் ஆக்சிஜன் டாங்க் வெடித்தது. பூமியிலிருந்து சுமார் 3 லட்சத்து 20 ஆயிரம் கிலோமீட்டர் தூரத்தில். தாய்க் கலத்தில் கரன்ட் போச்சு. மூவரும் ஓடி ஒண்டிய இடம், நிலவில் இறங்குவதற்காகக் கூடவே கொண்டுபோன குட்டிக் கலம். அது இரண்டு பேர் இரண்டு நாள் தங்குவதற்கானது. இப்போதோ மூன்று பேர், ஏறக்குறைய நாலு நாள். சமையல்காரர் பாஷையில் சொன்னால், நாலு இலைக்குச் சமைத்ததைப் பன்னிரண்டு இலைக்குப் பரிமாற வேண்டும்.

நிலவில் கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் காற்றை நிரப்ப வேண்டுமே என்று, ஆக்சிஜனைத் தாராளமாகவே வைத்திருந்தார்கள். இடித்தது கார்பன் டை ஆக்சைடு. அதைப் பிடித்துவைக்க லித்தியம் ஹைட்ராக்சைடு அடைத்த டப்பாக்கள் உண்டு. எத்தனை கிராமுக்கு எத்தனை கிராம் பிடிக்கும்?

இங்கே கொஞ்சம் கெமிஸ்ட்ரி. பி.காம். படித்தவனே சொல்கிறேன், பயப்படாதீர்கள். மோல் என்பது டஜன் மாதிரி ஓர் எண்ணிக்கை, அவ்வளவுதான். ஒரு டஜன் எலுமிச்சை, ஒரு டஜன் பூசணி. எண்ணிக்கை ஒன்று, தராசில் வேறு. 2 மோல் லித்தியம் ஹைட்ராக்சைடு, 1 மோல் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து, 1 மோல் லித்தியம் கார்பனேட்டும் 1 மோல் தண்ணீரும் ஆகும். கிராமில் போட்டால் 48-ம் 44-ம் ஒரு பக்கம், 74-ம் 18-ம் மறுபக்கம். இரண்டும் 92. பேலன்ஸ் ஷீட் டாலி!

ஒரு மனிதன் ஒரு நாளில் விடுவது தோராயமாக 1 கிலோ. மூவருக்கு 3 கிலோ, அதாவது சுமார் 68 மோல். பிடிக்க அதைப்போல இரு மடங்கு, 136 மோல். எடையில் தினம் மூன்றேகால் கிலோ. சமன்பாட்டில் முன்னால் நிற்கும் அந்த '2'-ஐ மறந்தால் பாதி மருந்தோடு கிளம்பியிருப்பார்கள். சோப்புக்குப் போடும் காஸ்டிக் சோடாவும் இதே வேலையைச் செய்யும். ஆனால் 48 கிராமுக்குப் பதில் 80 கிராம் வேண்டும். ராக்கெட்டில் யார் சுமப்பது?

கணக்கு இரக்கம் காட்டவில்லை. குட்டிக் கலத்திலிருந்த டப்பாக்கள் போதாது. தாய்க் கலத்தில் போதுமான டப்பாக்கள் இருந்தன. ஆனால் அவை சதுரம், இங்கே இருந்த துளையோ வட்டம்! இரண்டையும் வேறு வேறு கம்பெனிகள் செய்திருந்தன.

ஹூஸ்டனில் எட் ஸ்மைலி என்ற இன்ஜினீயரின் குழு உட்கார்ந்தது. கலத்துக்குள் இருக்கும் பொருள்கள் மட்டுமே அனுமதி. பிளாஸ்டிக் பை, புத்தக அட்டை, விண்வெளி உடையின் குழாய், ஒட்டுகிற டேப். தாங்களே செய்து பார்த்துவிட்டு, செய்முறையை ரேடியோவில் ஒவ்வொரு படியாகச் சொன்னார்கள். மேலே விண்வெளி வீரர்கள் பையை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது கார்பன் டை ஆக்சைடு மானி, ஆபத்து எல்லையான 15 மில்லிமீட்டரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

மாட்டினார்கள். முள் இறங்கியது. 2-க்கும் கீழே.

ஏப்ரல் 17-ல் பசிபிக் கடலில் மூவரும் உயிரோடு வந்து விழுந்தார்கள்.