கிராணியின் மாலைப் பொழுது

ஜொகூர் மாநிலத்தில் காடு திருத்திக் கட்டப்பெற்ற புதிய ஊர்களுள் ஒன்று பண்டார் தெங்காரா. 'தெங்காரா' என்னும் மலாய்ச் சொல்லுக்குத் தென்கிழக்கு என்பது பொருள். 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழித் தோன்றிய தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியமாகிய கெஜோரா இதனை எழுப்பிற்று. சுற்றிலும் செம்பனை, நடுவே கடைகள், பள்ளிகள், அலுவலகங்கள். அவ்வலுவலகங்களில் பேரேடும் கணக்கும் பார்க்கும் இளைஞனை மலாய்மொழி 'கெராணி' என்றழைக்கின்றது. தமிழர் செவிக்கு அது புதிய சொல்லன்று. தோட்டத்து மக்கள் பல தலைமுறைகளாகக் 'கிராணி' என்று வழங்கி வந்த சொல்லே அது.

சொல்லின் வயது அதனினும் மிகப் பெரிது. 14ஆம் நூற்றாண்டில் உலகு சுற்றிய இபின் பதூதா, மரக்கலத்தின் கணக்கெழுதுவோனை இப்பெயரால் குறிக்கின்றார். அக்பரின் அவையில் எழுதப்பெற்ற 'அயினி அக்பரி'யோ, கப்பலின் கணக்கைப் பார்ப்பதோடு பயணிகளுக்குக் குடிநீர் வழங்குவதும் அவன் கடமை என்று கூறும். கடலில் தண்ணீர் அளந்தவனின் பெயர், பின்னாளில் மலாயாக் காட்டில் ரப்பர்ப் பால் அளந்தவனுக்கு வந்து சேர்ந்தது.

மலாயாவின் தொடக்ககாலக் கிராணிமாருள் யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் மிகுதி. காரணம் எளிது. துரைக்கு ஆங்கிலத்தில் கணக்கெழுத வேண்டும். யாழ்ப்பாணத்திலோ 1823இலேயே வட்டுக்கோட்டைச் செமினரியை அமெரிக்க மிசனரிமார் நிறுவிவிட்டனர். அங்கும் அதனைப் பின்பற்றிய பள்ளிகளிலும் பயின்றோருக்கு உள்ளூரில் கிட்டாத உத்தியோகம் கடல் கடந்து கிட்டியது. தமிழகத்துப் பாமரத் தொழிலாளிக்கும் ஆங்கிலத் துரைக்கும் இடையே இவ்வாறு ஒரு வகுப்பு அமைந்தது. லயத்துக்கு அவன் 'ஐயா'. துரைக்கு அவன் வெறும் எழுத்தன். மலேசியத் தமிழ்க் கதைகளில் கிராணி பெரும்பாலும் கொடியவனாக வருவதில் வியப்பில்லை. பால் நிறுக்கும் கையும், செக்ரோலில் அரைநாள் போடும் பேனாவும் அவனிடம் இருந்தன. அரைநாள் குறைந்த வீட்டில் அன்று அடுப்பு எரிவதே ஐயம் என்னும்போது, அவன்மீது எழுந்த சினம் நியாயமானதே.

ஆயினும் அக்கதைகள் அவனுடைய பகலை மட்டுமே கண்டன.

அவனது பகல் விடியுமுன்பே தொடங்கிவிடும். இருள் பிரியாத வேளையில் பிரட்டுக் களத்தில் விளக்கொளியில் பெயர் கூப்பிட வேண்டும். பின்னர் வெளிக்காட்டுச் சுற்று. நண்பகலை ஒட்டிக் கொட்டகையில் பால் நிறுப்பு; மெட்ரோலாக் என்னும் மானியைப் பாலில் மிதக்கவிட்டு அதன் திடம் காணல். அதன்பின் அலுவலகத்தில் ஆங்கிலப் பேரேடு. மாலை நான்கு ஐந்து மணிக்கு மேல்தான் அவன் தனக்கு உரியவன். அந்த மாலையில் சென்று சேர நகரம் இல்லை. ஜொகூர் இரயில்பாதை 1909இல் முடிந்து குளுவாங், லாயாங் லாயாங், கூலாய் ஆகிய ஊர்களை இணைத்தது. 1924இல் சிங்கப்பூருக்குப் பாலமும் திறந்தது. எனினும் நிலையத்திலிருந்து தோட்டம்வரை நீளும் செம்மண் சாலை இரவில் எவரையும் வெளியே விடுவதில்லை. ஆகவே பந்தாட்டம், பூப்பந்து, கேரம். மாரியம்மன் திருவிழாவுக்கு நாடக ஒத்திகை. இவற்றுக்கும் மேலாக, படிப்பு.

தமிழ் ஏடுகள் இவ்விளைஞரை நாடியே பெரிதும் தோட்டங்களுக்குள் நுழைந்தன. 1924இல் கோலாலம்பூரில் தமிழ் நேசனும், 1935இல் கோ. சாரங்கபாணியின் முயற்சியால் சிங்கப்பூரில் தமிழ் முரசும் தோன்றின. தோட்டத்தின் தபால் பை அலுவலகத்துக்கே வரும். எனவே தாள் முதலில் பிரிவது கிராணி மேசையில். அங்கிருந்து அது பள்ளி ஆசிரியருக்கும், பின் கோயில் திண்ணைக்கும் செல்லும். திண்ணையில் ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாதோர் சூழ்ந்திருந்து கேட்பர். இந்தியாவிலிருந்து கப்பல் வழி வரும் 'கல்கி'யும் 'ஆனந்த விகட'னும் சில வாரங்கள் பழையனவாயினும் சுவை குன்றுவதில்லை. 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது, நந்தினியின் சூழ்ச்சி கடல் கடந்து சேரும் வரை இங்குள்ளோர் காத்திருந்தனர்.

அந்த ஆண்டுகளின் மற்றொரு நிகழ்ச்சி, இலக்கிய வரலாற்றில் இன்னும் பெரிதாகப் பேசப்பட வேண்டியது. 1950இல் தமிழ் நேசன் ஏட்டில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' என்னும் பயிற்சியைத் தொடங்கினர். சிறுகதை எழுதும் கலையை நாளேட்டின் வழியே பாடமாகக் கற்பித்த முயற்சி அது. கல்லூரி வாசலை மிதியாத ஆசிரியரும் எழுத்தரும் தொழிலாளரும் அதில் மாணவராயினர். 1952இல் தமிழகத்திலிருந்து கு. அழகிரிசாமி வந்து அவ்வேட்டில் ஆசிரியப் பொறுப்பேற்று, 1957 வரை இங்கிருந்தார். இலக்கிய வட்டம் கூட்டிப் படைப்புகளைத் திறனாய்ந்தார். அவரும் இளமையில் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர் என்பது இங்கு நினைக்கத் தக்கது. எழுத்தர் எழுத்தாளர் ஆவது எவ்வாறு என்பதை அவருக்கு எவரும் சொல்லித் தரத் தேவையில்லை.

இத்தனையும் நிகழ்ந்தது அமைதிக் காலத்தில் அன்று. 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது முடிந்தது 1960இல். நடு ஜொகூரின் காடுகள் நெடுநாள் 'கறுப்புப் பகுதி'யாகவே இருந்தன. லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது; ஊரடங்கு மாலையை விழுங்கிற்று. வேலிக்குள் அடைபட்ட மாலைக்கு நூலும் வானொலியும் துணையாயின. அரசாங்கத்தின் நடமாடும் படவண்டியும் அவ்வப்போது வரும். 1946இல் நிறுவப்பெற்ற மலாயாப் படப்பிரிவின் செய்திப்படங்களைத் திடலில் திரைகட்டிக் காட்டுவர். அரசின் அறிவுரையைப் பொறுத்துக்கொண்டு மக்கள் தமிழ்ப் படத்துக்காகக் காத்திருந்தனர் என்பதே உண்மை நிலை.

திரைப்படத்தின் பிடி ஜொகூர் இளைஞனிடம் தனித்தன்மை உடையது. அவன் பார்த்த மலாய்ப் படங்களுக்குப் பின்னாலும் தமிழர் இருந்தனர். பி. ராம்லி முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த 'பக்தி' 1950இல் வெளிவந்தபோது, அதன் இயக்குநர் எல். கிருஷ்ணன் என்னும் தமிழரே. 1973இல் 'உலகம் சுற்றும் வாலிபன்' வந்தது. எம்.ஜி.ஆர். ஜப்பானிலும் ஹாங்காங்கிலும் திரிந்தது தமிழகத்து இரசிகனுக்கு வியப்பு. ஆனால் அதே படத்தில் தோன்றிய சிங்கப்பூரோ, ஜொகூர்க்காரனுக்குப் பாலத்தின் அக்கரை!

அப்படம் திரையிடப்பட்ட காலத்திலேயே பழைய கிராணியின் உலகம் கரைந்துகொண்டிருந்தது. 1950களிலும் 60களிலும் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. குடியுரிமை அற்றோர்க்கு வேலை உரிமம் கட்டாயமான பின், 1969ஐ ஒட்டிப் பல்லாயிரவர் இந்தியாவுக்குக் கப்பலேறினர். எஞ்சிய ரப்பரைச் செம்பனை விலக்கிற்று. பால் நிறுப்பதற்குரிய கொட்டகையும் மெட்ரோலாக்கும் செம்பனைக்கு வேண்டுவதில்லை. 1967இன் தேசிய மொழிச் சட்டம் அரசு அலுவலகத்தின் மொழியை மலாயாக்கியது. பண்டார் தெங்காரா போன்ற ஊர்களில் வேலைக்கு அமர்ந்த தலைமுறை, ஆங்கிலப் பேரேட்டின் இடத்தில் மலாய்க் கோப்பைக் கண்டது.

இதில் மொழிக்கு நேர்ந்த இழப்பு என்று சிலர் கருதுவது சரியன்று. பழைய கிராணியின் அலுவலகத்திலும் தமிழுக்கு இடம் இருந்ததில்லை. மாறியது மாலைதான். முன்பு போக வேறிடம் இன்மையால் மாலை முழுதும் தமிழுக்குக் கிடைத்தது. உரக்கப் படிக்கக் கேட்போரும் அருகில் இருந்தனர். புதிய ஊரில் சாலை நன்று, கூலாய் தொலைவன்று. தொலைக்காட்சியும், பின்னர்க் கைப்பேசியும் வந்துவிட்டன. திண்ணைக் கூட்டம் கலைந்தது. தமிழ் நேசனும் 2019இல் நின்றுபோயிற்று.

அந்த மாலைகளில் எழுதப்பட்டவற்றுள் நூலாக வந்தவை சில. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இராம. சுப்பையா 1969இல் வெளியிட்ட 'தமிழ் மலேசியானா' என்னும் நூற்பட்டியல், இந்நாட்டுத் தமிழ் வெளியீடுகளை வரிசைப்படுத்தித் தந்தது. நாளேட்டின் ஞாயிறு பக்கங்களில் வந்து நூலாகாது போன கதைகளோ பல. அவற்றுக்கு எவரும் செக்ரோல் எழுதவில்லை.