பத்தாமல் போன நெருப்பு

பெங்களூரு ஈஜிபுராவில் 2017-ல் தொடங்கி இழுத்துக்கொண்டே போன மேம்பாலத்தை அந்தப் பக்கம் போனவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெயிலேறினால் பாலம் நீளும். அதற்கு இடைவெளி விட்டுத்தான் கட்டுவார்கள். அங்கிருந்து டொம்லூர் வழியாகச் சில கிலோமீட்டர் போனால் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையின் ஓடுபாதை. சூட்டுக்கு இடம் கொடுக்கும் சங்கடம் அங்கே வேறு மாதிரி வந்தது.

ஜெர்மானிய விமான வடிவமைப்பாளர் கர்ட் டேங்க் 1956-ல் பெங்களூரு வந்த கதையைப் போன வாரம் பார்த்தோம். அவருடைய மாருத் போர் விமானம் 1961 ஜூன் 17 அன்று பறந்தது. ஓட்டியவர் சுரஞ்சன் தாஸ், உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த எஸ்.ஆர். தாஸின் மகன்.

விமானத்தின் உடம்பு ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்துக்கு அளவெடுத்தது. அதற்கென்று நினைத்திருந்த ஆர்ஃபியஸ் 12 என்ஜின் 8,000 பவுண்டுக்கு மேல் தள்ளக்கூடியது. பிரிட்டனுக்கு அது வேண்டாமல் போயிற்று. மீதி வேலைக்கு இந்தியா பணம் போடட்டும் என்றார்கள். டெல்லி கையை விரித்தது. நாம் மிச்சம் பிடித்ததிலேயே ஆக மோசமான மிச்சம் அதுதான் என்பேன். கடைசியில் மாருத்துக்கு வாய்த்தது 4,850 பவுண்டு ஆர்ஃபியஸ் 703, இரண்டு.

சரி, இருக்கிற என்ஜினிலேயே இன்னும் கொஞ்சம் தீ மூட்டினால்?

எண்ணெயில் போட்ட பூரி ஏன் உப்புகிறது? உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகி விரிகிறது. ஜெட் என்ஜின் பிழைப்பதும் இப்படி விரிவதால்தான். காற்றை இழுத்து, அழுத்தி, எரிபொருளைக் கொளுத்தினால், சூடேறிய வாயு விரிந்து பின்பக்கமாகச் சீறும். வழியில் அது சுழற்றும் டர்பைனைத் தாண்டிய பிறகும் அதில் எரியாத ஆக்சிஜன் நிறைய மிஞ்சியிருக்கும். வால் குழாயில் மறுபடி எரிபொருளைத் தெளித்துக் கொளுத்துவதுதான் ஆஃப்டர்பர்னர். சென்னை எம்.ஐ.டி. முடித்து எச்.ஏ.எல்.லில் பயிற்சிக்கு வந்த அப்துல் கலாம், இந்த எரிப்பு தனக்குப் பிடிபட்டதே அங்கேதான் என்று சுயசரிதையில் சொல்கிறார்.

கான்பூரில் 1959-ல் தொடங்கி 1961-ல் பெங்களூருக்கு இடம் மாறிய என்ஜின் ஆய்வுக்கூடம் அந்த வேலையில் இறங்கியது. தீ பிடித்தது, விசையும் கூடியது. ஆனால் இரட்டைச் சூடு பெற்ற வாயுவுக்குக் குழாய் அகலமாக வேண்டுமே! குழாய் பருத்தது, கூடவே விமானத்தின் பின்பாகமும் பருத்தது. டேங்க் மெலிதாக இழைத்திருந்த வால் அது. கூடுதலாகக் கிடைத்த விசையைக் காற்றின் இழுவை தின்றது.

1970 ஜனவரி 10. அந்த மறு எரிப்பு மாருத்தில் எச்.ஏ.எல். ஓடுபாதையிலிருந்து கிளம்பினார் சுரஞ்சன் தாஸ். மேலேறுவதற்குள் விமானம் விழுந்தது, அவர் பிழைக்கவில்லை. பழைய ஏர்போர்ட் ரோட்டிலிருந்து பிரியும் சாலைக்கு இன்று அவர் பெயர்.

மொத்தம் 147 மாருத்துகள் கட்டினார்கள். அதே 4,850 பவுண்டு என்ஜினோடு, 1971 டிசம்பர் போரில் அவை லோங்கேவாலா மணலுக்கு மேலே பறந்தன. அது அடுத்த வாரம்.